வாங்கனுயி ஆற்றில் வழிகாட்டி இல்லாமல் கனூப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் டொங்காரிரோ மலைச்சரிவில் பிறந்து டாஸ்மன் கடலில் சேரும் வாங்கனுயி, 290 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. அதில் டவுமருனுயி ஊரிலிருந்து பிப்பிரிக்கி வரையிலான 145 கிலோமீட்டரை அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை ‘கிரேட் வாக்’ எனப்படும் நெடுநடைப் பாதைகளில் ஒன்றாகப் பராமரிக்கிறது. அந்தப் பட்டியலில் நடக்காமல் துடுப்புப் போட்டுக் கடக்கும் பாதை இது ஒன்றுதான். கனூவை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய நீளப் படகை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் போக நினைப்பவர்களுக்கான பக்கம் இது.

கனூ ஓட்டியே பழக்கமில்லை. போகலாமா?

போகலாம். இந்த ஆற்றில் இறங்குகிறவர்களில் பலர் முதல்முறை துடுப்பைப் பிடிப்பவர்கள்தான். சின்னதும் பெரிதுமாக ஏறத்தாழ 200 ரேபிட்கள் (ஆறு அலையெழும்ப வேகமாகப் பாயும் இடங்கள்) உண்டு. பெரும்பாலானவை ஒன்றாம், இரண்டாம் நிலையைச் சேர்ந்தவை. அதாவது அலை எழும்பும், நனைவீர்கள், வழி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஒகேனக்கல் பரிசலில் போய்வந்த தைரியத்தை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். பரிசல் வட்டமாக, தட்டையாக இருப்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மிதக்கும். கனூ ஒடுக்கமானது; ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பிக் கல்லில் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். புறப்படும் முன் வாடகை நிறுவனத்தார் தரும் பயிற்சி விளக்கத்தை ஒழுங்காகக் கேளுங்கள். முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பார், பின்னால் இருப்பவர் திசை பார்ப்பார் என்ற ஒன்றாவது இருவருக்கும் பழகியிருக்க வேண்டும். இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் துடுப்புப் போட வேண்டும். பக்கம் மாற்றுவதென்றால் வாய்விட்டுச் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மூன்று நாளா, ஐந்து நாளா?

ஐந்து நாள் பயணம் டவுமருனுயியில் தொடங்குகிறது. ஓஹினேபானே வரை 22 கிலோமீட்டர், அங்கிருந்து வகஹோரோ வரை 35 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம் வகஹோரோவிலேயே தொடங்குகிறது:

- முதல் நாள்: வகஹோரோ – ஜான் கூல் குடில், 37.5 கி.மீ.
- இரண்டாம் நாள்: ஜான் கூல் – தியேக்கே காயிங்கா, 29 கி.மீ.
- மூன்றாம் நாள்: தியேக்கே – பிப்பிரிக்கி, 21.5 கி.மீ.

முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் யோசனை மூன்று நாள்தான். டவுமருனுயிக்குக் கீழே ஆறு அகலமாக, ஆழமில்லாமல் ஓடுகிறது. ரேபிட்களும் அங்கேதான் நெருக்கமாக வரும். கரையில் வில்லோ மரங்கள் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும். துடுப்பு கைக்கு வசமாகும் முன்பே அதையெல்லாம் சமாளிக்க வேண்டியிருக்கும். வகஹோரோவுக்குக் கீழே ஆறு பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். இருபுறமும் செங்குத்தான சேற்றுப்பாறைச் சுவர்கள், பெரணி, காடு. சாலை இல்லை, வீடு இல்லை. இந்த ஆற்றுக்கு ஆட்கள் வருவதே அந்தப் பகுதிக்காகத்தான்.

மூன்று நாளிலும் நீளமானது முதல் நாள் என்பதை மறக்க வேண்டாம். ஓட்டத்தோடு சேர்த்து மணிக்கு 5 முதல் 6 கிலோமீட்டர் என்று வையுங்கள். சாப்பிட இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் 7, 8 மணி நேரம் ஆகும். காலை 10 மணிக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும். 11:30-க்குப் புறப்பட்டு எதிர்காற்றிலும் மாட்டிக்கொண்டால் குடிலைச் சேரும்போது இருட்டிவிடும். அதனால் முந்தின இரவே வகஹோரோவிலோ பக்கத்து ஊரிலோ தங்கிவிடுவது நல்லது.

எந்த மாதம் நல்லது?

பயணப் பருவம் ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், தண்ணீர் குளிரும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வெயில் உண்டு, ஆனால் நியூசிலாந்தே விடுமுறையில் இருக்கும். பிப்ரவரியும் மார்ச்சின் முதல் பாதியும்தான் எங்கள் தேர்வு. தண்ணீர் அப்போது ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஓட்டம் குறைவதால் துடுப்பு வேலை மட்டும் கொஞ்சம் கூடும். ஆற்றில் நிழல் குறைவு. அந்நாட்டு வெயில் சூடு தெரியாமலே தோலைச் சுட்டுவிடும். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, சன்ஸ்க்ரீன் மூன்றும் வேண்டும்.

முன்பதிவு எப்படி?

பருவ காலத்தில் குடிலுக்கும் கூடாரத் திடலுக்கும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். வழியில் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடிக்க முடியாது. முதலில் தங்குமிடம், பிறகு கனூ, கடைசியில் விமான டிக்கெட் என்ற வரிசையில் போங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, இரண்டாம் இரவுக்கு இடம் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள்.

குடிலில் இடமில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். ஒஹாவுரா, மங்காபுருவா, ங்காபோரோ போன்ற கூடாரத் திடல்களில் மழைநீர்த் தொட்டியும் குழிக் கழிப்பறையும் உண்டு. குடிலில் இரவெல்லாம் குறட்டைக் கச்சேரி கேட்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கனூவும் வண்டியும்?

ஒஹாகுனே, ராயிதிஹி, ஓவாங்கோ, டவுமருனுயி ஆகிய ஊர்களில் வாடகை நிறுவனங்கள் உள்ளன. ஆக்லாந்திலிருந்து டவுமருனுயிக்கும் வெலிங்டனிலிருந்து ஒஹாகுனேவுக்கும் காரில் சுமார் 4 மணி நேரம். கனூ, துடுப்புகள், லைஃப் ஜாக்கெட், தண்ணீர் புகாத டிரம்கள், தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டு முடியும் இடத்தில் ஏற்றிக்கொள்ளும் வண்டி எல்லாம் ஒரே கட்டணத்தில் வரும். உங்கள் கார் அவர்கள் இடத்திலேயே நிற்கும்.

பதிவு செய்யும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஆற்றில் வெள்ளம் வந்து பயணம் ரத்தானால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா? கூடுதல் துடுப்பு தருவார்களா? அவசர இருப்பிடக் கருவி வாடகைக்கு உண்டா?

இந்த ஆற்றில் உண்மையான ஆபத்து எது?

ரேபிட் அல்ல, நீர்மட்டம். உங்கள் தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். ஒங்காருவே, ஓஹுரா, ரெதாருக்கே என்று துணையாறுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. அவை எல்லாம் ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் நுழையும்போது தண்ணீருக்குப் பரவ இடமில்லை. மேலே எழும்புவதுதான் வழி. ஒரே இரவில் சில மீட்டர் ஏறுவது இங்கே அதிசயமல்ல.

ஹொரைசன்ஸ் வட்டார மன்றம் டெ மாயிரே, பிப்பிரிக்கி முதலிய இடங்களின் நீர்மட்டத்தை இணையத்தில் தொடர்ந்து வெளியிடுகிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்தக் கோட்டு வரைபடத்தைப் பாருங்கள். ஒரு நாளின் எண்ணை விடக் கோட்டின் போக்குதான் முக்கியம். கோடு தட்டையாகவோ இறங்கியோ இருந்தால் நல்லது. ஏறிக்கொண்டிருந்தால் வாடகை நிறுவனத்தாரோடு பேசுங்கள். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம்.

வெள்ளத்தில் மூன்று விஷயங்கள் மாறுகின்றன. முழு மரங்கள் மிதந்து வரும். வளைவுகளில் பாறைச் சுவரை ஒட்டி சுழல்களும் கீழிருந்து கொப்புளிக்கும் நீரும் உண்டாகும். இறங்குதுறைகள் மூழ்கிவிடும், கரையேற வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாமல் கடந்துபோகும் வாய்ப்பு உண்டு. கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசம், ஏனென்றால் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பிவர முடியாது.

நடுவழியில் ஆறு ஏறினால் குடிலிலேயே இருந்துவிடுங்கள். அதற்காகத்தான் ஒரு நாள் உணவு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறோம். திரும்பும் விமானத்தையும் பயணம் முடிந்த மறுநாளே போடாதீர்கள். விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில்தான் ஆட்கள் இறங்கக் கூடாத தண்ணீரில் இறங்குகிறார்கள்.

சாமானை எப்படி ஏற்றுவது?

சுமார் 5 மீட்டர் நீளமுள்ள இருவர் கனூவில் நான்கு முதல் ஆறு டிரம்கள் பிடிக்கும். கனமானவை (உணவு, அடுப்பு, தண்ணீர்) நடுவில், அடிமட்டத்தில். துணி, தூங்கும் பை போன்றவை இரு முனைகளை நோக்கி. எடை இடவலமாகச் சமமாக இருக்கிறதா என்பதை இருவரும் ஏறி உட்கார்ந்தபின் பாருங்கள். விளிம்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அந்த இடத்திலேயே சரிசெய்யுங்கள். முன்முனை பின்முனையைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருக்கலாம். தாழ்ந்திருந்தால் அலையில் குத்தும், தண்ணீர் அள்ளும், திருப்புவதும் கஷ்டம். எடை அதிகமுள்ளவர் பின்னால் உட்காருவது இதனால்தான்.

டிரம் மூடியை மூடும் முன் அதன் ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். ஒட்டியிருக்கும் நாலு மணல் துகள் போதும். மூடி இறுகியதுபோலத் தெரியும், கவிழ்ந்து பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தூங்கும் பை ஈரம். தூங்கும் பையையும் மாற்றுடையையும் தனியே ஒரு கனமான பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சிட்டு, பிறகு டிரம்முக்குள் வையுங்கள்.

டிரம்களின் கைப்பிடிகள் வழியாக ஒரே கயிற்றைக் கோத்து கனூவின் குறுக்குச் சட்டங்களில் இறுக்கிக் கட்டுங்கள். கவிழ்ந்தால் டிரம்களே படகை மிதக்கவைக்கும். தளர்வாகக் கட்டினால் அந்தக் கயிறே காலைச் சுற்றும். மிச்சக் கயிறு ஒரு சாண்கூடத் தொங்கக் கூடாது. தண்ணீர் இறைக்க, அடிப்பகுதி வெட்டிய 2 லிட்டர் பால் கேன் ஒன்றைச் சிறு கயிற்றில் கட்டிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கூடுதல் துடுப்பும் சட்டென்று உருவக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

உணவும் தண்ணீரும்?

படகு சுமப்பதால் மலையேற்றம்போல எடைக்குப் பயப்பட வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, வெங்காயம், முட்டை எல்லாம் கொண்டுபோகலாம். ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் எடுத்துவருபவர்கள் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். உணவுப் பொருளை அறிவிக்காமல் பிடிபட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம், அந்த இடத்திலேயே. அழுக்கான காலணி, கூடாரத்துக்கும் இதே கண்டிப்பு. ஆக்லாந்து, வெலிங்டன் இந்தியக் கடைகளில் சாம்பார்பொடி கிடைக்கும்போது இந்த வம்பு எதற்கு?

அடுப்பும் பாத்திரமும் உங்களுடையதாக இருக்கட்டும். இருவருக்கு மூன்று நாளுக்கு 230 கிராம் கேஸ் குப்பி ஒன்று போதும். தினமும் சோறு வடிப்பதானால் இரண்டு. மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கட்டி, அதற்கென்று ஒரு சிறு டிரம்மில் வையுங்கள். வழியில் பெரிய டிரம்களை அவிழ்த்துக் கட்டும் ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் போய்விடும்.

ஆற்று நீரைக் குடிக்க வேண்டாம். மேலே பண்ணைகள் இருக்கின்றன. தொட்டி நீரையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று கணக்கிட்டு, இரவே கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். மிச்சச் சாப்பாட்டை டிரம்முக்குள் பூட்டாமல் தூங்கினால் எலியும் ‘பாஸம்’ என்ற மரவிலங்கும் வந்து விருந்து முடித்துவிடும். குப்பை எல்லாம் உங்களோடே வெளியே வர வேண்டும்.

ரேபிட்டை எப்படிக் கடப்பது?

நெருங்கும் முன் சற்று எழுந்து பாருங்கள். அகன்ற வாய் உங்களை நோக்கியும் கூர்முனை கீழ்நோக்கியும் அமைந்து, வழுவழுப்பாகத் தெரியும் முக்கோணம்தான் ஆழமான பாதை. அதன் நடுவே போங்கள். கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் அங்கே நீருக்கடியில் கல் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் மண்டியிடுங்கள். எடை கீழே இறங்கினால் படகு நிலைக்கும். பலரும் செய்யும் தவறு, பயத்தில் துடுப்பைத் தூக்கிவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொள்வது. ஓட்டத்தின் வேகத்திலேயே படகு போகும்போது பின்னால் இருப்பவரால் திருப்ப முடியாது. தண்ணீரைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் திசைப்பிடி கிடைக்கும். ஆகவே துடுப்பை நிறுத்தாதீர்கள்.

வளைவுகளில் ஓட்டம் வெளிப்பக்கச் சுவரை நோக்கித் தள்ளும். வளைவு தெரிந்த உடனே உள்பக்கத்துக்கு நகருங்கள். சுவர் பத்தடியில் வந்தபின் முயன்றால் நேரம் போதாது. நீருக்குள் சாய்ந்த மரக்கிளைகளிலிருந்து எப்போதும் விலகுங்கள். தண்ணீர் கிளைகளின் வழியே போய்விடும், நீங்கள் போக மாட்டீர்கள்.

குறுக்கே திரும்பிக் கல்லை நோக்கிப் போகிறீர்கள் என்றால், கல்லின் பக்கமாகவே சாயுங்கள். மனசு எதிர்ப்பக்கம்தான் இழுக்கும். அப்படி மேல்பக்கம் சாய்ந்தால் விளிம்பு மூழ்கி, ஆறு முழுதும் படகுக்குள் ஏறி, படகைக் கல்லோடு அழுத்திவிடும். பிறகு நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது.

மூன்றாம் நாள் வரும் ங்காபோரோவும் ஆவுதாபுவும்தான் பெயர் பெற்றவை. ஆவுதாபுவுக்கு ‘ஐம்பதுக்கு ஐம்பது’ என்று பட்டப்பெயர். பாதிப் பேர் கவிழ்வார்களாம். அதற்கு முன்னால் கேமராவையும் மூக்குக்கண்ணாடியையும் பத்திரப்படுத்துங்கள். கண்ணாடிக்கு எப்படியும் ஒரு கயிறு வேண்டும்.

கவிழ்ந்துவிட்டால்?

1. படகுக்கு மேல்நீர்ப் பக்கமாக, அதாவது தண்ணீர் வரும் பக்கமாக, நகருங்கள். கீழ்ப்பக்கம் இருந்தால் தண்ணீர் நிறைந்த படகுக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்க நேரிடும்.
2. மல்லாந்து படுத்து, பாதங்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீர்மட்டத்துக்கு வரும்படி மிதக்கவும்.
3. வேகமான நீரில் எழுந்து நிற்காதீர்கள். இரு கல்லுக்கு நடுவே கால் சிக்கினால் ஓட்டம் உடம்பை முன்னால் கவிழ்த்துவிடும். இடுப்பளவு நீரே போதும்.
4. முதலில் துணையைத் தேடுங்கள், பிறகு துடுப்பு, கடைசியில் படகு. ரேபிட் முடிவில் எப்படியும் ஓட்டம் தணியும். அங்கே கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்து, கவிழ்த்துத் தண்ணீரை வடிக்கலாம்.
5. உடனே உலர்ந்த உடை. நடுக்கம் வரட்டும், பிறகு மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைக்கும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் உடை நல்லது.

நீச்சல் தெரியாதவர்கள், குழந்தைகள்?

லைஃப் ஜாக்கெட்டைத் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்கப் பூட்டியே வைத்திருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக் கூடாது. நீச்சல் தெரியாத பெரியவர் இதோடு போகலாம், ஆனால் ஒருமுறையாவது அமைதியான நீரில் அதை அணிந்து மிதந்து பார்த்திருக்க வேண்டும். தலை நனைந்தாலே பதறுகிறவர் என்றால் வழிகாட்டியோடு போவதே முறை. சின்னக் குழந்தைகளோடு வழிகாட்டி இல்லாமல் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இரவில் படகை எங்கே விடுவது?

நீங்கள் போதும் என்று நினைக்கும் உயரத்துக்கும் மேலே. சாமானை இறக்கிவிட்டு, படகைத் தூக்கிக் கவிழ்த்து வைத்து, முன்கயிற்றை மரத்திலோ அதற்கென உள்ள சங்கிலியிலோ கட்டுங்கள். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் உங்களோடு மேலே வரட்டும். நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் படுங்கள். காலையில் குச்சி எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே ஆறு ஏறியதா இறங்கியதா தெரியும்.

கரையேறும்போது கவனம். இங்குள்ள சேற்றுப்பாறை நனைந்தால் பாசிபிடித்த படித்துறையைவிட மோசமாக வழுக்கும். படகின் மூக்கை மேல்நீர்ப் பக்கம் திருப்பிக் கரையை ஒட்டுங்கள். முன்னால் இருப்பவர் கயிற்றோடு முதலில் இறங்கட்டும். ரப்பர் செருப்பு உதவாது. நாடா கட்டிய பழைய ஷூ வேண்டும்.

தியேக்கே காயிங்காவில் தனி விதிகள் உண்டா?

உண்டு. அது குடில் மட்டுமல்ல, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் ‘மரை’யும்கூட. அதாவது அவர்களுடைய கூடுமிடம். ஊர்க்காரர்கள் இருந்தால் முறைப்படி வரவேற்பு நடக்கலாம். உங்கள் குழுவிலிருந்து ஒருவர் நாலு வார்த்தை பேசவும், எல்லோருமாக ஒரு பாட்டுப் பாடவும் தயாராக இருங்கள். தமிழ்ப் பாட்டு தாராளமாகப் பாடலாம். சிறு காணிக்கை கொடுப்பது மரபு. மது கூடாது.

இங்குள்ள மக்களுக்கு ஆறு மூதாதை. ‘நானே ஆறு, ஆறே நான்’ என்பது அவர்கள் வழக்கு. 2017-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆற்றை, மலையிலிருந்து கடல்வரை, சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றது. சோப்பு, பாத்திரம் கழுவிய நீர் எதையும் ஆற்றில் விடாதீர்கள்.

‘எங்கும் போகாத பாலம்’ பார்க்க நேரம் இருக்குமா?

இரண்டாம் நாள் வழியில்தான், மங்காபுருவா இறங்குதுறையிலிருந்து நடை. போக 40 நிமிடம், வர 40 நிமிடம். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் நிலம் கொடுத்தார்கள். கான்கிரீட் பாலம் 1936-இல் முடிந்தது; அதற்குள் மண்ணும் சாலையும் கைவிட்டதால் பலர் கிளம்பிவிட்டிருந்தார்கள், 1942-இல் குடியிருப்பே மூடப்பட்டது. இறங்குதுறையில் ஜெட் படகுகளும் நிற்கும். கனூவை நன்றாக ஓரங்கட்டிக் கட்டிவிட்டுப் போங்கள்.

ஜெட் படகு எதிரே வந்தால்?

வலப்பக்கம் ஒதுங்குங்கள். அவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். அலை வரும்போது படகின் மூக்கை அதற்கு நேரே திருப்பினால் ஆட்டம் குறையும்.

போன் வேலை செய்யுமா?

வகஹோரோவுக்கும் பிப்பிரிக்கிக்கும் நடுவே சிக்னல் இல்லை. 406 மெகாஹெர்ட்ஸ் அவசர இருப்பிடக் கருவி ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதை டிரம்முக்குள் வைத்தால் பயனில்லை. படகு போய்விட்டாலும் கையில் இருக்க வேண்டுமானால் லைஃப் ஜாக்கெட் பையில்தான் இருக்க வேண்டும். உங்கள் திட்டத்தையும், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 111-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் வெளியே ஒருவரிடம் எழுதிக்கொடுங்கள்.

பிப்பிரிக்கியில் இறங்கியபின்?

வண்டி வரும் நேரம் முன்பே பேசியதுதான். தாமதமானால் மற்றக் குழுக்களும் காத்திருக்க நேரும். தியேக்கேயிலிருந்து காலை 9 மணிக்குள் கிளம்பினால் பதற்றமில்லை. டிரம்களை அவிழ்த்து, கனூவைக் கழுவி, வண்டியில் ஏற்றக் கைகொடுங்கள். அங்கிருந்து ராயிதிஹி 27 கிலோமீட்டர். அடுத்து வேறோர் ஆற்றிலோ ஏரியிலோ இறங்குவதாக இருந்தால் ஷூ, துணி, கயிறு எல்லாவற்றையும் சேறு போகக் கழுவி நன்றாக உலரவைத்தபின் இறங்குங்கள். வைகாட்டோ ஆற்றில் 2023-இல் தங்கச் சிப்பி என்ற அந்நிய உயிரினம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, ஓர் ஆற்று ஈரத்தை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோவதில் அங்கே கண்டிப்பு கூடியிருக்கிறது.